பெருக்கியைப் பின்னால் தள்ளுங்கள்

சிற்றலை ரிசீவர் ஒன்றைக் கையால் கட்டி முடித்தவர் அதை மேம்படுத்த நினைக்கும்போது முதலில் கைவைக்கும் இடம் பெரும்பாலும் ஆண்டெனா முனைதான். அங்கே ஒரு டிரான்சிஸ்டரைப் போட்டு ஆர்.எஃப். பெருக்கி சேர்த்துவிட்டால் தூரத்து நிலையங்கள் தானாக வந்து விழும் என்பது கணக்கு. சேர்த்தவுடன் எஸ் மீட்டரின் முள் துள்ளுகிறது, ஸ்பீக்கரில் சலசலப்பு கூடுகிறது, வேலை பலித்துவிட்டது என்ற திருப்தியும் வந்துவிடுகிறது. இந்த அத்தியாயம் அந்தத் திருப்தியைச் சந்தேகிக்கச் சொல்கிறது. 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வேலை செய்யும் ரிசீவருக்கு உணர்திறன் பற்றாக்குறை அரிதாகவே வரும். அதைத் திணறடிப்பவை பக்கத்தில் நிற்கும் வலுவான சிக்னல்கள். அவற்றைத் தாங்கவும் விலக்கவும் செய்த பிறகே பெருக்க வேண்டும் என்பதுதான் இங்கே சொல்லப்போகும் ஒரே விஷயம். காயில் சுற்றுவது, கிரிஸ்டல் பொறுக்குவது பற்றிய குறிப்புகள் எல்லாம் அந்த ஒரு முடிவிலிருந்தே பிறக்கின்றன. உதாரணத்துக்கு 7 மெகாஹெர்ட்ஸ் ஹாம் (அமெச்சூர் வானொலி) பட்டையை எடுத்துக்கொள்வோம். புதிதாகக் கட்டுபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறார்கள். தொல்லைகளும் அங்கேதான் அதிகம்.

முதலில் இரைச்சலின் கணக்கு. சாதாரண அறை வெப்பத்தில் எந்த மின்தடையும் ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு −174 டிபிஎம் அளவு வெப்ப இரைச்சலைத் தரும். 0 டிபிஎம் என்பது 1 மில்லிவாட். ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சைக் கேட்க 2.5 கிலோஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். அதற்கு 34 டெசிபெல் கூட்டினால் −140 டிபிஎம். குறையே இல்லாத ரிசீவர் ஒன்று இருந்தால் அதன் இரைச்சல் தரை இதுதான். நம்முடையது சுமாரான ரிசீவர், அதன் இரைச்சல் எண் 15 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால் தரை −125 டிபிஎம். இனி ஆண்டெனாவிலிருந்து வருவதைப் பார்க்க வேண்டும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.372 என்ற பரிந்துரை, மனிதர் உண்டாக்கும் மின்னிரைச்சலின் இடைமதிப்பைக் கணக்கிட எளிய சூத்திரம் ஒன்றைத் தருகிறது. அதன்படி 7 மெகாஹெர்ட்ஸில் இந்த இரைச்சல் வெப்ப இரைச்சலைவிட நகர மையத்தில் 53 டெசிபெல், குடியிருப்புப் பகுதியில் 49, கிராமத்தில் 44, ஆள் அரவமற்ற கிராமப்புறத்தில் 29 டெசிபெல் உயரத்தில் நிற்கிறது. குடியிருப்புக் கணக்கை எடுத்தால் −91 டிபிஎம். எஸ்9 என்பது 50 ஓமில் 50 மைக்ரோவோல்ட், அதாவது −73 டிபிஎம். ஒவ்வொரு எஸ் அளவும் 6 டெசிபெல். ஆக, யாரும் பேசாதபோதே முள் எஸ்6-இல் நிற்கும். இந்தச் சூத்திரத்துக்கு அடிப்படையான அளவீடுகள் 1970-களோடு முடிந்தவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வீட்டுக்கு வீடு எல்.இ.டி. விளக்கும் செல்போன் சார்ஜரும் சோலார் இன்வெர்ட்டரும் வருவதற்கு முந்தைய காலத்து எண்கள் இவை.

−125 எங்கே, −91 எங்கே? இடையில் 34 டெசிபெல். இந்த நிலையில் இரைச்சல் எண் 3 டெசிபெல் மட்டுமே உள்ள அருமையான பெருக்கியை முன்னால் வைத்தால் கிடைக்கும் லாபத்தைக் கணக்கிட்டால் அது ஒரு டெசிபெலில் நூறில் ஒரு பங்கைக்கூட எட்டாது. உள்ளே வரும் இரைச்சலும் சிக்னலும் ஒரே அளவில் பெருகுகின்றன. திருவிழாக் கூட்டத்தின் நடுவில் நிற்பவருக்குக் காதுக்கருவி மாட்டிவிட்டதைப் போலத்தான். முள் ஏறுவதும் ஸ்பீக்கர் சலசலப்பதும் உண்மை. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் மாறவில்லை என்பதும் உண்மை. காது தேடுவது அந்த விகிதத்தை. முள்ளுக்கு அது தெரியாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஹோம்டெல் என்ற இடத்தில், பெல் ஆய்வுக்கூடத்துக்காகக் கார்ல் ஜான்ஸ்கி 20.5 மெகாஹெர்ட்ஸில் சுழலும் ஆண்டெனா ஒன்றை வைத்து, தொலைபேசித் தொடர்பைக் கெடுக்கும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தார். இடிமின்னல் தவிர இடைவிடாத ஒரு சீறலும் கேட்டது. அது பால்வீதியின் மையப் பகுதியிலிருந்து வருகிறது என்று 1933-இல் அறிவித்தார். வானொலி வானியல் பிறந்த கதையாக இதைச் சொல்வது வழக்கம். ரிசீவர் கட்டுபவருக்கு இதில் வேறொரு செய்தி இருக்கிறது. டிரான்சிஸ்டர் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வால்வு போட்ட ரிசீவரின் சொந்த இரைச்சல் வானத்து இரைச்சலுக்குக் கீழே போய்விட்டது. இல்லையென்றால் ஜான்ஸ்கிக்குப் பால்வீதி கேட்டிருக்காது. சிற்றலையில் உணர்திறன் என்ற பிரச்சினை அப்போதே தீர்ந்துவிட்ட ஒன்று. இருந்தும் அது இன்றுவரை நம்மை ஏன் விடவில்லை? ஜான்ஸ்கியின் மேலதிகாரியாக இருந்த ஹரால்ட் ஃபிரிஸ் 1944-இல் வெளியிட்ட சூத்திரம் ஒரு காரணமாக இருக்கலாம். பல படிகள் கொண்ட ரிசீவரில் முதல் படியின் பெருக்கம் போதுமானதாக இருந்தால், மொத்த இரைச்சலைப் பெரும்பாலும் அந்த முதல் படியே தீர்மானிக்கிறது என்று அது காட்டுகிறது. சூத்திரத்தில் தவறு இல்லை. ஆனால் அது ரிசீவருக்குள் நடப்பதை மட்டுமே சொல்கிறது. ஆண்டெனா கொண்டுவரும் இரைச்சல் அதில் சேராது. பாடப்புத்தகத்தில் இந்தச் சூத்திரத்தைப் படித்துவிட்டு நேராக 7 மெகாஹெர்ட்ஸுக்கு வருபவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

உங்கள் ரிசீவரில் இதைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஏ.ஜி.சி.யை (தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாட்டை) அணைத்துவிட்டு, நிலையம் எதுவும் இல்லாத இடத்துக்கு ட்யூன் செய்யுங்கள். ஆண்டெனாவைக் கழற்றி, அந்த இடத்தில் 50 ஓம் மின்தடையைச் செருகுங்கள். ஆடியோ வெளியீட்டில் ஏசி மில்லிவோல்ட் காட்டும் மீட்டரை வைத்து இரண்டு நிலைகளையும் ஒப்பிடுங்கள். ஆண்டெனா இருக்கும்போது மின்னழுத்தம் மூன்று மடங்குக்கு மேல், அதாவது சுமார் 10 டெசிபெல், கூடினால் உங்கள் உணர்திறன் போதும். அந்த நிலையில் ரிசீவரின் சொந்த இரைச்சலால் நீங்கள் இழப்பது அரை டெசிபெல்கூட இல்லை. வித்தியாசம் 20, 30 டெசிபெல் என்று வந்தால் தேவைக்கு மேல் உணர்திறன் இருக்கிறது என்று பொருள். அந்த உபரியைத்தான் வேறு நல்ல காரியங்களுக்குச் செலவழிக்க வேண்டும். பகல், இரவு இரண்டிலும் சோதியுங்கள். 7 மெகாஹெர்ட்ஸின் இரவும் பகலும் வேறு வேறு உலகங்கள்.

முன்பெருக்கியால் லாபம் இல்லை என்றால் நட்டமும் இல்லையே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். நட்டம் உண்டு, பெரிதாகவே உண்டு. எந்த மிக்சரும் முழு நேர்கோட்டில் வேலை செய்வதில்லை. இரண்டு வலுவான சிக்னல்கள் ஒன்றாக உள்ளே நுழைந்தால், ஒன்றின் இரட்டிப்பிலிருந்து மற்றதைக் கழித்த இடத்தில் ஒரு பொய்ச் சிக்னல் முளைக்கும். 7.210-இலும் 7.255-இலும் இரண்டு ஒலிபரப்பு நிலையங்கள் இருந்தால் 7.165-இல், ஹாம் பட்டைக்கு நடுவில், இல்லாத ஒரு நிலையம் கேட்கும். ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் 2009 முதல் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஹாம்களுக்கு, 7.2-க்கு மேலே ஒலிபரப்புக்கு என்று பிரித்திருக்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பல நூறு கிலோவாட் நிலையங்கள் நிற்கின்றன. மாலையில் அவை எஸ்9-க்கு மேல் 30, 40 டெசிபெல் வருவது சாதாரணம். மூல சிக்னல்கள் 1 டெசிபெல் ஏறினால் பொய்ச் சிக்னல் 3 டெசிபெல் ஏறும் என்பதுதான் இதில் உள்ள விபரீதம்.

எண்ணில் போட்டுப் பார்ப்போம். கையால் கட்டும் ரிசீவர்களில் நீண்ட காலமாகக் கோலோச்சிய என்இ602 சிப், செல்போன் போன்ற தொடர்புக் கருவிகளுக்காக வந்தது. ஆசிலேட்டரும் மிக்சரும் ஒன்றாக இருப்பதாலும் நல்ல பெருக்கம் தருவதாலும் எல்லோருக்கும் பிடித்துப்போனது. அதன் மூன்றாம் படி வெட்டுப்புள்ளி, அதாவது பொய்ச் சிக்னல் மூல சிக்னலுக்குச் சமமாகிவிடும் என்று கணக்கில் வரும் அளவு, −15 டிபிஎம் பக்கம்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட மிக்சரில், −91 டிபிஎம் இரைச்சல் தரையைப் பொய்ச் சிக்னல் எட்டிப்பிடிக்க, மூல சிக்னல்கள் ஒவ்வொன்றும் சுமார் −40 டிபிஎம் இருந்தால் போதும். அது எஸ்9-க்கு மேல் 33 டெசிபெல். ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்று சொல்லலாம். அதன் முன்னால் 20 டெசிபெல் பெருக்கியை வைத்தால் வெட்டுப்புள்ளி −35-க்கு இறங்கும். −54 டிபிஎம் சிக்னல்களே பொய்யை உண்டாக்கிவிடும். எஸ்9-க்கு மேல் 20 டெசிபெல் வரும் இரண்டு நிலையங்கள் போதும் என்றால், மாலை நேர 7 மெகாஹெர்ட்ஸில் அது நிரந்தர நிலைமை. அதே இடத்தில் நான்கு டயோடுகளை வளையமாகக் கட்டிய மிக்சரை, முன்பெருக்கி எதுவுமின்றி வைத்துப் பாருங்கள். +7 டிபிஎம் ஆசிலேட்டர் சக்தி கொடுத்தால் அதன் வெட்டுப்புள்ளி +15 டிபிஎம் பக்கம் வரும். பொய்ச் சிக்னல் தலைகாட்ட ஒவ்வொரு நிலையமும் −20 டிபிஎம் வர வேண்டும். டயோடு மிக்சர் பெருக்குவதில்லை, 6 டெசிபெல் இழக்கிறது. அந்த இழப்பை அதன் குறை என்று நினைப்பவர்களுக்கு முந்தைய இரைச்சல் கணக்கு பதில் சொல்லும்: கையிலிருக்கும் 34 டெசிபெல் உபரியில் 6 போனால் என்ன?

அட்டெனுவேட்டரின் பெருமையும் இதே கணக்கிலிருந்து வருகிறது. ஆண்டெனா முனையில் 10 டெசிபெல் குறைத்தால் சிக்னலும் வெளி இரைச்சலும் 10 குறையும், பொய்ச் சிக்னல் 30 குறையும். சந்தேகப்படும்படி ஏதாவது கேட்டால் அட்டெனுவேட்டரைப் போட்டுப் பாருங்கள். மற்றவற்றோடு சேர்ந்து இறங்கினால் உண்மையான நிலையம், சட்டென்று மறைந்தால் உங்கள் மிக்சர் செய்த வேலை. கட்டுவதும் எளிது. உள்நுழைவிலிருந்து தரைக்கு 100 ஓம், வெளியேற்றத்திலிருந்து தரைக்கு 100 ஓம், இரண்டுக்கும் நடுவில் 68 ஓம்; கிட்டத்தட்ட 10 டெசிபெல், இரண்டு பக்கமும் 50 ஓம். ஒரு ஸ்விட்சும் மூன்று மின்தடைகளும் ஒரு முன்பெருக்கியைவிட அதிக நிலையங்களைக் கேட்க வைக்கும் என்பதை நம்பச் சிலருக்குச் சிரமமாக இருக்கும். மாலை ஏழு மணிக்குச் செய்து பார்த்தால் சந்தேகம் தீரும்.

அமெரிக்க ஹாம் உலகம் இந்தப் பாடத்தைக் கற்ற விதம் தெரிந்துகொள்ளத் தக்கது. உணர்திறன் எண்ணை மட்டும் விளம்பரப்படுத்திக்கொண்டிருந்த காலத்தில், வெஸ் ஹேவர்ட் 1975 ஜூலை கியூஎஸ்டி இதழில், ரிசீவரின் இயங்கு வீச்சை வீட்டு மேசையிலேயே அளக்கும் முறையை எழுதினார். இரண்டு சிக்னல்களைக் கொடுத்து, பொய்ச் சிக்னல் எப்போது தரையைத் தொடுகிறது என்று பார்ப்பதுதான் முறை. அதன் பின் ஆய்வுக்கூடங்கள் 20 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டு சிக்னல்களை வைத்து அளந்து மதிப்பெண் போட்டன. 1977 டிசம்பரில் ராப் ஷெர்வுட், ஜார்ஜ் ஹைடெல்மேனோடு சேர்ந்து ஹாம் ரேடியோ இதழில், அந்த இடைவெளியே ஏமாற்றுகிறது என்று காட்டினார். டிரேக் ஆர்-4சி என்ற பிரபலமான ரிசீவர் அகலமான இடைவெளியில் நன்றாகத் தேறியது. போட்டி நாட்களில் மோர்ஸ் நிலையங்கள் 2 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நெருக்கியடித்து நின்றபோது தடுமாறியது. அதன் முதல் ஐ.எஃப். (இடை அலைவரிசை) ஃபில்டர் 8 கிலோஹெர்ட்ஸ் அகலம். பக்கத்து நிலையம் அதற்குள் தாராளமாக நுழைந்து, நடுவில் இருந்த பெருக்கத்தால் பெருகி, இரண்டாவது மிக்சரைத் திணறடித்தது. முதல் ஃபில்டரைக் குறுகலாக மாற்றியதும் குறை தீர்ந்தது. இத்தனைக்கும் பிறகு, எல்லா அலைவரிசைகளையும் ஒரே பெட்டியில் தரும் ஆசையில் உற்பத்தியாளர்கள் முதல் ஐ.எஃப்.பை 45, 70 மெகாஹெர்ட்ஸ் என்று மேலே கொண்டுபோனார்கள். அந்த உயரத்தில் குறுகிய கிரிஸ்டல் ஃபில்டர் செய்வது கடினம் என்பதால் 15 கிலோஹெர்ட்ஸ் அகலத்தோடு திருப்திப்பட்டார்கள். 2007-இல் வந்த எலிகிராஃப்ட் கே3 போன்றவை 8 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவந்து, மிக்சரை அடுத்தே குறுகிய ஃபில்டரை வைத்தன. சந்தை முப்பது ஆண்டு சுற்றி வந்த இடத்துக்கு நாம் நேராகவே போய்விடலாம்.

இனி கட்டும் வேலை. ஆண்டெனாவிலிருந்து வரும் கம்பி முதலில் சந்திக்க வேண்டியது பட்டை ஃபில்டரை. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 100 பிகோஃபாரட் வைத்தால் 5 மைக்ரோஹென்றி வேண்டும். சிவப்பு நிற டி50-2 வளையத்தில் 32 சுற்று. இப்படிக் காயிலும் கப்பாசிட்டரும் சேர்ந்த இரண்டு மின்சுற்றுகளைச் சிறு கப்பாசிட்டரால் இணைத்து, 300 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு அமைத்தால் இழப்பு ஒன்றரை டெசிபெல் அளவில் நிற்கும். வேலிக்கு அந்தப் பக்கத்து 7.2 நிலையங்களை இது தடுக்காது. அந்தச் சுமையை மிக்சர்தான் தாங்கியாக வேண்டும். இது தடுப்பது தூரத்து எதிரிகளை. திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் கோபுரத்துக்குப் பக்கத்தில் வீடு என்றால், அதுவும் 6.1 மெகாஹெர்ட்ஸில் வரும் ஒரு சிற்றலை நிலையமும் மிக்சரில் கூடி 7.036-இல் வந்து உட்காரும். வடிகட்டாத முன்வாசலில் இப்படிப்பட்ட கூட்டல்களுக்குக் கணக்கே இல்லை. ஆசிலேட்டருக்கு மறுபக்கம் அதே தொலைவில் நின்று அதே ஐ.எஃப்.பாக மாறும் பிம்ப அலைவரிசையும் அப்படித்தான். பழைய 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப். வைத்தால், பிம்பம் 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி 8 மெகாஹெர்ட்ஸ் பக்கம் விழும். கியூ 50 உள்ள ஒற்றைச் சுற்று அதை 22 டெசிபெல்தான் குறைக்கும், 14 மெகாஹெர்ட்ஸில் அது 16 ஆகச் சுருங்கும். மத்திய அலையில் 1 மெகாஹெர்ட்ஸுக்கு அதே சுற்று 37 டெசிபெல் தருவதால்தான் 455 அங்கே செல்லுபடியானது. ஐ.எஃப்.பை 9 மெகாஹெர்ட்ஸாக்கி, ஆசிலேட்டரை 16.1-இல் வைத்தால் பிம்பம் 25.1-க்குப் போய்விடும், நாம் செய்த இரட்டைச் சுற்று ஃபில்டர் அதைச் சிரமமில்லாமல் விழுங்கிவிடும்.

டயோடு மிக்சரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் மூன்று வாசல்களும் 50 ஓமைப் பார்க்க வேண்டும். முக்கியமாக வெளியேறும் ஐ.எஃப். வாசல். கிரிஸ்டல் ஃபில்டரை நேராக அங்கே தொங்கவிட்டால், ஃபில்டரின் அகலத்துக்கு வெளியே உள்ளவை எல்லாம் மிக்சருக்கே திரும்பிவந்து மோதும். +15 என்று நம்பிய வெட்டுப்புள்ளி அப்போது கையில் இருக்காது. எனவே நடுவில் 50 ஓம் உள்நுழைவு கொண்ட, நிறைய மின்னோட்டம் குடிக்கும், 15 டெசிபெல் தரும் ஒரே ஒரு பெருக்கிப் படியும், அதன் பின் 6 டெசிபெல் அட்டெனுவேட்டரும், பிறகு ஃபில்டரும். அந்தப் பெருக்கிக்கு 30 முதல் 50 மில்லியாம்பியர் கொடுக்கத் தயங்க வேண்டாம். மின்னோட்டத்தில் கஞ்சம் பிடித்தால் நேர்கோட்டுத் தன்மை போய்விடும். பெருக்கிவிட்டு உடனே குறைப்பது வீண் வேலைபோலத் தோன்றினாலும், அந்த அட்டெனுவேட்டர்தான் ஃபில்டரின் ஏறுமாறான மின்மறுப்பைப் பெருக்கியின் கண்ணிலிருந்து மறைக்கிறது.

கிரிஸ்டல் ஃபில்டர் விலை உயர்ந்தது, நம்மால் ஆகாது என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் கருவி இதற்கு நல்ல மறுப்பு. கணினிப் பலகைகளுக்கான 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்களால் ஏணி ஃபில்டர், காயில் சுற்றக் குழாய்க்குப் போடும் வாஷர் என்று எங்கும் கிடைக்கும் பொருள்களால் அதை அமைத்தார், உலகெங்கும் கட்டினார்கள். ஒரே பெட்டியிலிருந்து இருபது கிரிஸ்டல் வாங்கி, ஒரே ஆசிலேட்டரில் ஒவ்வொன்றாகச் செருகி, அலைவரிசை எண்ணியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் ஒத்துப்போகும் ஆறை எடுத்தால் போதும். பேச்சுக்கு 250 ஹெர்ட்ஸுக்குள், மோர்ஸுக்கு 400 ஹெர்ட்ஸ் அகலம் என்றால் 40 ஹெர்ட்ஸுக்குள். கட்டிய பின் உள்நுழைவும் வெளியேற்றமும் ஒன்றையொன்று பார்க்காதபடி நடுவில் தகட்டுச் சுவர் வையுங்கள். பல ஃபில்டர்கள் கெட்டுப்போவது கிரிஸ்டலால் அல்ல, பக்கவாட்டில் கசிவதால்.

இத்தனையும் தாண்டி வந்த சிக்னலை இப்போது தாராளமாகப் பெருக்கலாம். 1 மைக்ரோவோல்ட்டை ஹெட்போனுக்கு வேண்டிய முந்நூறு மில்லிவோல்ட்டாக்க 110 டெசிபெல் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. குடியிருப்புப் பகுதியில் வெளி இரைச்சலே 6 மைக்ரோவோல்ட் என்பதால் 95-லேயே காரியம் நடக்கும். ஃபில்டருக்குப் பின் ஐ.எஃப்.பில் 40, மீதி ஆடியோவில் என்று பிரித்துக்கொண்டால் எந்த இடமும் ஊசலாடாது. ஏ.ஜி.சி.யும் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள படிகளையே கட்டுப்படுத்தட்டும்.

லோக்கல் ஆசிலேட்டரைப் பற்றி இவ்வளவு நேரம் பேசாததற்குக் காரணம், மற்றவை சரியாகும்வரை அதன் குறை வெளியே தெரியாது என்பதுதான். எந்த ஆசிலேட்டரும் ஒற்றைக் கோடாக இருப்பதில்லை. இரு பக்கமும் இரைச்சல் பாவாடையாக விரிந்திருக்கும். பக்கத்தில் வலுவான நிலையம் இருந்தால் அந்தப் பாவாடை அதனோடு கலந்து, நாம் கேட்கும் இடத்தில் சீறலாக இறங்கும். ஆசிலேட்டரின் இரைச்சல் அந்தத் தொலைவில் ஹெர்ட்ஸுக்கு −95 டெசிபெல் என்றும், பக்கத்து நிலையம் −33 டிபிஎம் என்றும் வைத்தால், நம் 2.5 கிலோஹெர்ட்ஸுக்குள் −94 டிபிஎம் இரைச்சல் சேரும்; வெளி இரைச்சலுக்குக் கிட்டத்தட்ட சமம். −120 என்றால் அது −119-க்கு இறங்கிவிடும், மறந்துவிடலாம். எந்த ஃபில்டராலும் இதைத் திருத்த முடியாது, ஏனென்றால் குறை ஃபில்டருக்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. சுத்தமான கிரிஸ்டல் ஆசிலேட்டர் ஒன்றின் சிக்னலை அட்டெனுவேட்டர் வழியாக உள்ளே விட்டு, 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ட்யூன் செய்து, சிக்னலைப் படிப்படியாக உயர்த்துங்கள். சீறல் எந்த அளவில் தொடங்குகிறதோ அதுதான் உங்கள் ஆசிலேட்டரின் மதிப்பெண். ஆசிலேட்டருக்குத் தனி ரெகுலேட்டர், தனித் தகரப் பெட்டி என்ற பழைய அறிவுரைகளின் மதிப்பு இந்தச் சோதனையில் தெரியும்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் மூன்று கவனிக்கத் தக்கவை. ஒன்று, எல்லோரிடமும் முழு நீள டைபோல் இல்லை என்பது. சரிதான், ஆனால் சிறிய ஆண்டெனா சிக்னலோடு வெளி இரைச்சலையும் சேர்த்துத்தான் இழக்கிறது. 20 டெசிபெல் இழக்கும் குட்டைக் கம்பியில்கூட, 49-இல் மீதி 29 டெசிபெல் இருக்கிறது. 15 டெசிபெல் ரிசீவருக்கு அது போதும். ஒரு மீட்டர் வளைய ஆண்டெனா போன்றவற்றுக்குப் பெருக்கி வேண்டும், ஆனால் அது அந்த ஆண்டெனாவின் உறுப்பு. அதன் அடியிலேயே இருக்க வேண்டும். இரண்டாவது, மேல் பட்டைகள். 28 மெகாஹெர்ட்ஸில் அமைதியான ஊரில் வெளி இரைச்சல் பால்வீதியின் 19 டெசிபெல் அளவுக்கு இறங்கிவிடும். 15 டெசிபெல் ரிசீவர் அங்கே ஒன்றரை டெசிபெல் இழக்கிறது. இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்: பட்டை ஃபில்டருக்குப் பின்னால், ஸ்விட்ச் போட்டு விலக்கக்கூடிய 10 டெசிபெல் பெருக்கி 21, 28 மெகாஹெர்ட்ஸ்களுக்கு நியாயமானது. 435 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோள் கேட்பவருக்கோ இந்த அத்தியாயம் பொருந்தவே பொருந்தாது. அங்கே பெருக்கி மாடியில், ஆண்டெனாவின் காலடியில் இருக்க வேண்டும்.

மூன்றாவது எதிர்வாதம்தான் இன்று அதிகம் கேட்பது: எஸ்.டி.ஆர். என்ற மென்பொருள் ரிசீவர் வந்துவிட்டது, எல்லாவற்றையும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். மென்பொருள் ஃபில்டர் எந்தக் கிரிஸ்டலாலும் முடியாத கூர்மையைத் தரும் என்பதை மறுக்க வழியில்லை. ஆனால் அது வேலை செய்வது எண்ணாக மாறிய பிறகு. எண்ணாக மாற்றும் சிப்பின் வாசலில் எல்லா நிலையங்களும் ஒன்றாகக் கூடித்தான் வருகின்றன. கூட்டுத்தொகை உச்சத்தைத் தாண்டினால் எல்லாமே சிதைந்துவிடும். மலிவான டிவி டாங்கிளில் 8 பிட். அதன் வீச்சு 50 டெசிபெல், குறுகிய அகலத்துக்கு வடிகட்டும்போது கிடைக்கும் லாபத்தையும் சேர்த்தால் 80. ஒரு மத்திய அலைக் கோபுரம் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். 16 பிட்டும் நொடிக்கு 12 கோடி மாதிரிகளும் எடுக்கும் சிப்களில் அந்தக் கணக்கு 120 பக்கம் போகிறது. பிரமாதமான எண்தான், விலையும் அப்படியே. ஆக, டாங்கிள் வைத்திருப்பவருக்கு முன்வாசல் ஃபில்டரும் அட்டெனுவேட்டரும் மற்றவர்களைவிட அதிகம் தேவை. ஆண்டெனாவைச் செருகும்போது இரைச்சல் 10 டெசிபெல் ஏறும் அளவுக்கு டாங்கிளின் கெயினை வைத்துவிட்டு, அதற்கு மேல் தொடாமல் இருங்கள்.

வெளி இரைச்சல்தான் எல்லை என்று ஒத்துக்கொண்டால், அதைக் குறைப்பதும் ரிசீவர் வடிவமைப்பின் பகுதியாகிவிடுகிறது. ரிசீவரை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயின் ஸ்விட்சை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். முள் இறங்கினால் இரைச்சல் உங்கள் வீட்டில்தான் பிறக்கிறது. எந்தச் சார்ஜர், எந்த விளக்கு என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கண்டுபிடிக்கலாம். அடுத்து, கோஆக்சியல் கேபிளின் வெளி உறை ஆண்டெனாவாக வேலை செய்து வீட்டு இரைச்சலை மேலே கொண்டுபோவதை நிறுத்த வேண்டும். எஃப்டி240-31 ஃபெரைட் வளையத்தில் மெல்லிய கேபிளைப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி, டைபோலின் நடுவில் ஒன்றும் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒன்றும் வைத்தால் 7 மெகாஹெர்ட்ஸில் சில ஆயிரம் ஓம் தடை கிடைக்கும். இதனால் தரை எஸ்6-இலிருந்து எஸ்4-க்கு இறங்கினால் அது 12 டெசிபெல் லாபம். எந்தப் பெருக்கியாலும் வாங்க முடியாதது. தரை இறங்கியதும் முந்தைய கணக்குகள் மாறும். −91-இல் மறைந்திருந்த பொய்ச் சிக்னல்கள் −103-இல் வெளியே தெரியத் தொடங்கும். டயோடு மிக்சர் −20-க்குப் பதில் −24 டிபிஎம் சிக்னலிலேயே பொய் பேசும். அப்போது ஆசிலேட்டர் சக்தியை +7-இலிருந்து +17-க்கு உயர்த்தி, அதற்கேற்ற வலுவான டயோடு மிக்சரைப் போடுவது செலவுக்குத் தகுதியான அடுத்த வேலையாகிறது.